வந்து சேர்ந்ததற்கும் எழுதி வைத்ததற்கும் நடுவே

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு, எங்கள் குழுவில் இருக்கும் நித்யா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“சார், அந்தப் புது புரோட்டோகால் முடிஞ்சிடுச்சு. அனுப்புற பக்கம், வாங்குற பக்கம், ரெண்டையும் ஏ.ஐ. மெஷினே எழுதிக் கொடுத்திடுச்சு. ரெண்டும் அழகா பேசிக்குது. எல்லா டெஸ்ட்டும் பாஸ்.”

“ரெண்டையும் ஒரே மெஷின்தானே எழுதிச்சு?”

“ஆமா சார். அதனால என்ன?”

அதனால என்ன என்பதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அது ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை. சாயங்காலம் கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள், “சார், உங்க அனுபவத்தை ஏதாவது எழுதுங்க, எங்களுக்குப் பயன்படும்” என்றார்கள். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். நித்யாவின் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவன். அப்பா ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இஸ்திரி வண்டி வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். பிறகு பாலிடெக்னிக், அதற்குப் பிறகு மாலை நேரக் கல்லூரி. படித்தேன், தேறினேன், அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். அச்சடித்த ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான் இருக்கும் என்று நம்பினேன். புத்தகம் போட்டவர்கள் தப்பாகவா போடுவார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனி. கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேச வைக்கிற மென்பொருள் எழுதுவதுதான் தொழில். கீழே கடையில் பண்டிகைத் தள்ளுபடி என்றால் எங்கள் மாடிப்படியில் ஆள் ஏற முடியாது. சட்டைத் துணி அட்டைப்பெட்டிகளைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போவோம்.

எங்கள் மேலதிகாரி சேவியர் சார். சாந்தோம் பக்கம் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள். அவருடைய ஆங்கிலம் கேட்கவே சுகமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பூசை முடிந்ததும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு லீக் கிரிக்கெட்டுக்கு அம்பயராகப் போய்விடுவார். ஓவருக்கு ஆறு பந்து எண்ணுவதற்காக அம்பயர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஆறு கூழாங்கற்கள் அவர் கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். வாரநாட்களிலும்தான். யோசிக்கும்போது அவற்றை இடது பையிலிருந்து வலது பைக்கு ஒவ்வொன்றாக மாற்றுவார். கல் மாறுகிற சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டோம்.

அவர் வேலை வாங்குகிற விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கதை அதில்தான் இருக்கிறது.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் யார் முதலில் பேசுவது, என்ன சொல்வது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் விதி வேண்டும். அந்த விதிகள் அடங்கிய தடித்த ஆவணம் ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழுவிடமிருந்து வரும். அதை வைத்துக்கொண்டு ஒருவர் அனுப்பும் பக்கத்தை எழுதுவார், இன்னொருவர் வாங்கும் பக்கத்தை எழுதுவார். எங்கள் அலுவலகத்தில் அந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஆவணத்தில் ஏதாவது வாக்கியம் இடறினால் “சார், தீர்ப்பு!” என்று குரல் கொடுப்போம். அவர் எழுந்து வந்து இரண்டு மேஜைக்கும் நடுவில் நின்று, வாக்கியத்தை ஒரு முறை வாசித்து, கற்களை மாற்றி, தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இருவரும் அதன்படி எழுதுவோம். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும்.

தீர்ப்பு சொன்னபிறகு மறுபேச்சு கிடையாது. மறுபடி கிளறுகிறவர் அன்று சாயங்காலம் அலுவலகம் முழுவதற்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். இதை விளையாட்டாக ஆரம்பித்தார்கள், பிறகு சட்டமாகிவிட்டது. நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர்கூடப் போண்டா வாங்கிப் பார்த்ததில்லை. மற்றக் கம்பெனிகள் ஒரு சந்தேகம் கேட்டு வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும்போது நாங்கள் வேலையை முடித்துப் பணம் வாங்கிவிடுவோம். அதில் எங்களுக்குப் பெருமை.

அடையாற்றில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். அதை நடத்தியவர் டாக்டர் சாரதா. மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனை, அங்கே சிறுநீரக வார்டு. வார்டிலிருந்து ரத்த மாதிரிகளை ஆள் எடுத்துக்கொண்டு அடையாற்றுக்குப் போவார். முடிவுகளைச் சாரதா மேடமோ அவருடைய உதவியாளரோ தொலைபேசியில் வாசிப்பார்கள், வார்டு சிஸ்டர் எழுதிக்கொள்வார். இதைக் கணினி வழியாக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அடையாற்றில் அனுப்பும் பக்கம் எங்களுடையது. மயிலாப்பூரில் வாங்கும் பக்கத்தை வேறொரு ஊர்க் கம்பெனி ஏற்கெனவே எழுதி, நிறுவிவிட்டுப் போயிருந்தது. இரண்டும் ஒரே ஆவணப்படிதான்.

அனுப்பும் பக்கம் எனக்கு வந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக எங்கள் அலுவலகத்திலேயே ஒரு வாங்கும் பக்கமும் வேண்டும். அதைச் சேகர் எழுதினான். கே.கே. நகர்ப் பையன், என் வயதுதான், வாய் ஓயாது.

ஆவணத்தில் ஒரு வாக்கியம். ‘செய்தியை ஏற்றுக்கொண்டதும் பெறுநர் ஒப்புகை அனுப்ப வேண்டும்’ என்பதுதான் அதன் சாரம். ஒப்புகை வந்துவிட்டால் அனுப்பியவர் அந்தச் செய்தியைத் தன் வரிசையிலிருந்து நீக்கிவிடலாம். அதை முதன்முறை வாசித்தபோதே எனக்கு இடறியது. ஏற்றுக்கொள்வது என்றால் எது? செய்தி பிழையில்லாமல் வந்து சேர்வதா, அல்லது வந்ததைக் கணினி வட்டில் எழுதிப் பத்திரப்படுத்துவதா? அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஏகப்பட்ட பொருள் இருந்தது. சரி, நம் ஆங்கிலம் இன்னும் தேற வேண்டும் என்று மூடி வைத்துவிட்டேன். சேகர்தான் கத்தினான்.

“சார், தீர்ப்பு! இந்த அக்செப்ட் எங்க சார் நடக்குது? மெமரிலயா, டிஸ்க்லயா?”

சேவியர் சார் வந்தார், வாசித்தார். கல் மாறியது.

“டிஸ்க்ல எழுதினப்புறம். எழுதாம எப்படிப்பா ஏத்துக்கிட்டேன்னு சொல்லுவ? அவுட்.”

விரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். நியாயமான தீர்ப்பு. இன்றைக்கும் அதைத்தான் சரி என்பேன். சேகரின் பக்கம் வட்டில் எழுதிவிட்டு ஒப்புகை அனுப்பியது, ஒப்புகையைக் கண்டதும் என் பக்கம் செய்தியை நீக்கியது. அலுவலகத்தில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தோம். ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. அடையாற்றில் நிறுவி மயிலாப்பூரோடு பேசவிட்டோம். அங்கும் எல்லாம் நன்றாகவே ஓடியது.

தொடங்குகிற நாள் காலையில் நான் மயிலாப்பூர் வார்டில் இருந்தேன். சேவியர் சாரும் சேகரும் அடையாற்றில். சிஸ்டரின் மேஜைமேல் கணினி, பக்கத்தில் அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கிற மோடம், அதற்கும் பக்கத்தில் சாதாரணத் தொலைபேசி. மேஜைக்கு மேலே சுவரில் மருத்துவமனை நிர்வாகம் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: இன்று முதல் பரிசோதனை முடிவுகள் திரையில் மட்டுமே வரும், தொலைபேசியில் கேட்கவோ சொல்லவோ கூடாது, திரையில் இல்லாத முடிவு இன்னும் தயாராகாத முடிவு.

கணினிக்கென்று வாங்கிய யு.பி.எஸ். பெட்டியைக் காணவில்லை. கேட்டேன்.

“அதுவா? அக்கவுண்ட்ஸ்ல தூக்கிட்டுப் போய்ட்டாங்க தம்பி. அவங்களுக்குக் கரண்ட் போனா பில்லு போட முடியாதாம்” என்றார் சிஸ்டர். “நமக்கு ஜெனரேட்டர் இருக்கே. கொஞ்ச நேரத்துல வந்துடும்.”

முடிவுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. சிஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. அப்போது மின்சாரம் போனது. விசிறி நின்றது, திரை இருண்டது. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது. கணினி மறுபடி எழுந்து, அடையாற்றோடு தானாகவே சேர்ந்துகொண்டது. பழைய முடிவுகள் இருந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் தணிகாசலம் என்கிற தையற்காரர் படுத்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மா கால்மாட்டிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார்.

“இன்னா தம்பி, எங்க ஊட்டுக்காரரு ரிப்போட்டு வந்திச்சா? விடியசொல்லவே ரத்தம் எட்த்துகினு போனாங்க. கால்மாட்டுலயே குந்திகினு கீறேன்.”

திரையைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. “இன்னும் தயாராகலம்மா. ஆனதும் இதுலயே வரும்” என்றேன். அறிவிப்பில் இருந்ததைத்தான் சொன்னேன்.

சற்று நேரம் கழித்து டியூட்டி டாக்டர் வந்தார். வார்டில் டயாலிசிஸ் மெஷின் ஒன்றுதான். அன்று அதற்கு யார் முதலில் என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

“தணிகாசலத்தோட பொட்டாசியம் வந்துதா சிஸ்டர்?”

“வரல டாக்டர்.”

“அப்ப ரெடியாகலை. இன்னொரு பேஷண்ட்டை எடுத்துக்கலாம். இவருக்கு நாளைக்குப் பார்ப்போம்.”

கன்னியம்மா டாக்டரிடம் திரும்பினார். “நாளிக்கா? காலைலேர்ந்து மாரு படபடன்னு அடிச்சிகினு கீதுன்றாரு டாக்டரு.”

“ரிப்போர்ட் வரட்டும்மா. அதைப் பார்க்காம நான் எப்படி முடிவு பண்றது?”

விடியற்காலையில் போன ரத்தம். அதற்குப் பின்னால் போனவையெல்லாம் வந்துவிட்டன. அடையாற்றுக்குப் போன் போட்டேன். சேகர் எடுத்தான்.

“தணிகாசலம் ரிப்போர்ட் வரலடா. கொஞ்சம் பாரு.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “போயாச்சு மச்சி. எப்பவோ போயாச்சு. ஒப்புகையும் வந்திருக்கு. ஸ்கிரீன்ல அக்செப்டட்னு அழகா கீது. கண்ணாடி போட்டுகினு பாரு.”

“இங்க இல்லடா.”

“அப்ப உன் சிஸ்டர் எங்கியாவது அழிச்சிருப்பாங்க.”

“அதுல அழிக்கவே முடியாதுடா. நடுவுல இங்க கரண்ட் போச்சு.”

“கரண்ட் போனா இன்னா? டிஸ்க்ல எழுதினப்புறம்தானே ஒப்புகை வரும்? அது தீர்ப்பு முடிஞ்ச மேட்டர் மச்சி. கிளறினா போண்டா, ஞாபகம் வெச்சுக்கோ.”

“வாங்கித் தரேன்டா. சாரைக் கூப்பிடு.”

சேவியர் சார் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். கல் மாறுகிற சத்தம் தொலைபேசி வழியாகவே கேட்டது.

“மணி, ஒப்புகை வந்திருக்குன்னா அங்க இருக்குன்னு அர்த்தம். நல்லாத் தேடு. முதல் நாள்ல போய் கிளையண்ட்கிட்ட சிஸ்டம் சரியில்லைன்னு சொல்லிடாதே. புரியுதா? நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதே.”

வைத்துவிட்டார்.

நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில். அடையாற்றில் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள், மயிலாப்பூரில் இல்லை. இரண்டு பக்கத் திரையும் பொய் சொல்லவில்லை. வார்டில் டயாலிசிஸ் மெஷினை வேறொரு கட்டிலை நோக்கி உருட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. தணிகாசலம் கண்ணை மூடியிருந்தார். கன்னியம்மா அவருடைய மார்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர்,” என்றேன், “போன வாரம் வரைக்கும் இந்த மாதிரி ரிப்போர்ட் எப்பவாவது தொலைஞ்சிருக்கா?”

“போன்ல எப்படித் தொலையும்? அந்தச் சாரதா மேடம் விட்டாத்தானே!” அவர் சிரித்தார். “‘ம்’ன்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்க. ‘சரி’ன்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்க. ‘எழுதிட்டேளா? எழுதினதைப் படிங்கோ’ன்னு கேப்பாங்க. நான் திருப்பிப் படிச்சு முடிக்கிற வரைக்கும் போனை வைக்கவே மாட்டாங்க. சில நாள் எனக்கு எரிச்சலா வரும். இங்க ஒரு பக்கம் பேஷண்ட் கூப்பிடுவாங்க, அந்தம்மா பாட்டுக்கு ‘படிங்கோ’ம்பாங்க.”

சிஸ்டர் ‘ம்’ என்பார். அது காதில் விழுந்தது என்று பொருள். ‘எழுதிட்டேன்’ என்பது வேறு. இந்த மேஜைமேல் இருக்கிற கணினி எதைச் சொல்கிறது? எங்கள் அலுவலகத்தில் சேகர் எழுதிய பக்கம் எழுதிவிட்டுத்தான் சொல்லும், ஏனென்றால் சேவியர் சார் அப்படித் தீர்ப்பளித்தார். இதை எழுதியவர்களுக்கு யார் தீர்ப்பளித்தார்கள்? அவர்களுக்கு எங்கள் அம்பயர் இருப்பதே தெரியாதே.

மெஷினின் குழாய்களை மாட்ட ஆரம்பித்துவிட்டால் பிறகு நிறுத்த மாட்டார்கள். நான் போனை எடுத்து, சாரதா மேடத்தின் நேரடி எண்ணைச் சுழற்றினேன். சுவரில் இருந்த அறிவிப்பு சரியாக என் கண்ணுக்கு நேரே இருந்தது. சிஸ்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரு, மணியா? என்னப்பா, நன்னா ஓடறதோல்லியோ?”

“மேடம், தணிகாசலம்னு ஒரு பேஷண்ட். பொட்டாசியம்.”

“அனுப்பிச்சாச்சேப்பா. அப்பவே அனுப்பிச்சேன். ரொம்ப ஜாஸ்தியா இருந்தது, அதனால ரெண்டாந்தரம் ஓட்டிப் பார்த்துண்டு அனுப்பிச்சேன். அக்செப்டட்னு வந்துடுத்தே!”

“மேடம், அது வந்து சேர்ந்துதுன்னுதான் அர்த்தம்னு நினைக்கிறேன். எழுதி வெச்சுட்டாங்கன்னு அர்த்தமில்லை. இங்க ஸ்கிரீன்ல இல்லை. மெஷினை வேற பேஷண்ட்டுக்குக் கொடுக்கப் போறாங்க.”

பிறகு குரலே மாறிவிட்டது.

“சிஸ்டர்கிட்டக் குடு. உடனே குடு.”

சிஸ்டர் வாங்கினார். எழுதினார். எழுதியதை வாசித்தார்: பெயர், கட்டில், பொட்டாசியம் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. போனை வைக்காமலே திரும்பி, “டாக்டர்!” என்று கூப்பிட்ட கூப்பாட்டில் வார்டே திரும்பிப் பார்த்தது.

பிறகு நடந்தவற்றை நான் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தேன். டாக்டர் ஓடி வந்தார். இதயத்துடிப்பைப் பார்க்கிற கருவி வந்தது, ஊசி வந்தது. மெஷின் திரும்பி வந்தது, அதே சக்கரம் கிறீச்சிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் அவ்வளவு ஏறினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். துணித்திரையைச் சுற்றித் தள்ளிக் கட்டிலை மறைத்துவிட்டார்கள். கன்னியம்மா திரைக்கு வெளியே நின்று அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சேவியர் சார் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. சாரதா மேடம் அவரை நன்றாகக் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. திரை மறைத்த கட்டிலை ஒரு முறை பார்த்தார். பிறகு சிஸ்டரிடம் போனார்.

“சிஸ்டர், இப்ப ஏதாவது ரிப்போர்ட் வரவேண்டியது இருக்கா?”

“இப்ப இல்ல சார். மத்தியானம்தான்.”

“இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்க.” போனை எடுத்தார். “சேகர், சோதனைன்னு ஒரு பேஷண்ட் பேரைப் போட்டு ஒரு ரிப்போர்ட் அனுப்பு. நான் லைன்லயே இருக்கேன். மணி, திரையில அந்தப் பேர் வந்ததும் பிளக்கைப் பிடுங்கு.”

“சார், ஷட்டவுன் பண்ணாமலா?”

“கரண்ட் போறதுக்கு முன்னாடி யாராவது ஷட்டவுன் பண்றாங்களா? பிடுங்கு.”

நான் மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து திரையை எட்டிப் பார்த்தேன். பெயர் வந்தது. பிடுங்கினேன்.

“சேகர், உன் பக்கம் என்ன சொல்லுது?”

எனக்கே கேட்டது, அவன் அவ்வளவு சத்தமாகச் சொன்னான்: “அக்செப்டட் சார். வரிசைலேர்ந்தும் போயிடுச்சு.”

பிளக்கை மாட்டினேன். கணினி எழுந்தது. பழைய முடிவுகளெல்லாம் இருந்தன. சோதனை இல்லை.

“இன்னொரு தடவை.”

மறுபடி அனுப்பினான், மறுபடி பிடுங்கினேன். அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது, இங்கே இல்லை. சேவியர் சார் கையைப் பையில் விட்டிருந்தார். ஆனால் கல் மாறவில்லை. அப்படி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்தார். கிழியாமல் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிர்வாக அதிகாரியின் அறைக்குத் தானே போனார். என்னை வரச் சொல்லவில்லை. நான் பாதி திறந்த கதவு வழியாகக் கேட்டது இவ்வளவுதான்:

“எங்க சிஸ்டம்தான் சார். இல்லை, அவங்க சிஸ்டம் மட்டும் இல்லை, எங்களுடையதும்தான். சரியாகிற வரைக்கும் எல்லா ரிப்போர்ட்டையும் அவங்க போன்லயும் வாசிக்கட்டும். இல்லேன்னா நான் இப்பவே கம்பியைக் கழட்டிட்டுப் போறேன்.”

திரும்பும் வழியில், லஸ் முனையில் சிக்னலுக்காக ஆட்டோ நின்றபோதுதான் அவர் அதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“நான் பேசாதேன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க சார்.”

“ம்.” சிக்னல் விழுந்தது. ஆட்டோ நகர்ந்ததும், “அந்த வாக்கியத்தை நீ முதல்ல வாசிச்சப்ப உனக்கு எத்தனை அர்த்தம் தோணிச்சு?”

“ரெண்டு சார்.”

“அப்ப ஏன் கேக்கலை?”

“என் இங்கிலீஷ்தான் சரியில்லைன்னு நினைச்சேன் சார்.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. “எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. என் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு, அதான்.”

அன்று மத்தியானமே அந்த வெளியூர்க் கம்பெனிக்கு ட்ரங்க் கால் போட்டோம். எழுதிய பொறியாளரே பேசினார், நல்ல மனிதர். அந்த வாக்கியத்தை அவரும் எடுத்து வாசித்தார். செய்தி பிழையின்றி வந்ததும் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டாராம். முந்தைய அத்தியாயத்தில் அந்தச் சொல் அப்படித்தான் வருகிறதாம். வட்டு மெதுவானது என்பதால் வந்தவற்றைச் சேர்த்துவைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மொத்தமாக எழுதுகிறாராம். மின்சாரம் போன நேரத்தில் அப்படிக் காத்திருந்தது தணிகாசலத்தின் முடிவு ஒன்றுதான். சேவியர் சார் குறுக்கே பேசாமல் கேட்டார். “உங்க தீர்ப்பும் தப்பில்லை சார்,” என்றார் கடைசியில். “நாம ரெண்டு பேரும் வேற வேற மைதானத்துல நின்னுட்டிருந்தோம். வாங்க, இந்தத் தடவை ஒரே இடத்துல நிப்போம்.” அவர்கள் தங்கள் பக்கத்தை, எழுதிய பிறகே ஒப்புகை போகும்படி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கம்பெனியும் சேர்ந்து, அந்த வாக்கியத்தைத் திருத்தச் சொல்லி வெளிநாட்டுக் குழுவுக்கும் எழுதினோம்.

எங்கள் அலுவலகமும் மாறியது. மறுநாள் நான் வந்தபோது என் மேஜை இருந்த இடத்தில் இல்லை. கடைசி அறையில், துணிக்கடையின் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலையில் கிடந்தது. வேலை போகப் போகிறது என்றே நினைத்தேன். சேவியர் சார் வந்து சொன்னார்: “இனிமே நீயும் சேகரும் பக்கத்துல உக்காரக் கூடாது. ஆவணத்தைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. என்னைத் தீர்ப்பும் கேக்கக் கூடாது. ஒரு வாக்கியம் இடறினா அதை எழுதினவங்களைக் கேளுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி, கடைசியில கம்பியை மாட்டுங்க. மோதட்டும். இங்க மோதினா எவனும் சாகமாட்டான்.”

முதல்முறை மாட்டியபோது எக்கச்சக்கமாக மோதியது. சேகர் என்னைத் திட்டினான், நான் அவனைத் திட்டினேன். ஒவ்வொரு மோதலுக்கும் பின்னால் ஆவணத்தின் ஒரு வாக்கியம் இருந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ இடங்களில் வேலை பார்த்தேன். எங்கு போனாலும் இரண்டு மேஜைகளைப் பிரித்துப் போடுவதைத்தான் முதல் வேலையாகச் செய்தேன். என்னை அதற்காகக் கிண்டல் செய்தவர்கள் உண்டு.

நித்யா, உன் மெஷின் தன்னோடு தானே பேசி, தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு சரியாகக்கூட இருக்கலாம். மறுபக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று மட்டும் கேள். தெரியாவிட்டால், யாரையாவது மேஜைக்கு அடியில் குனியச் சொல்.

அந்த வாரக் கடைசியில் நான் மயிலாப்பூருக்குப் போயிருந்தேன். தணிகாசலம் எழுந்து உட்கார்ந்திருந்தார். “நீதான் போன் போட்ட பையனா? பேண்ட்டு கால் ரெண்டும் பிசிறா கீதே நைனா. கடைக்கு வந்து சேரு, அடிச்சுத் தரேன்” என்றார். சிஸ்டரின் மேஜையில் தொலைபேசி மணி அடித்தது. அவர் எடுத்தார், எழுதினார், அடையாற்றிலிருந்து கேட்பதற்கு முன்னால் தானே சொன்னார்: “எழுதிட்டேன் மேடம். படிக்கிறேன், கேளுங்க.”

நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது மேஜைமேல் பெரிய பொட்டலம் ஒன்று எண்ணெய் கசிந்துகொண்டு இருந்தது. என் முறைதான் என்று நினைவு வந்து, பையைத் தடவினேன். சேகர் வாய் நிறைய மென்றுகொண்டே தலையை ஆட்டினான்.

“நீ வாங்கல மச்சி. சார் வாங்கினாரு. தீர்ப்பைக் கிளறினது நான்தான்னு சொல்லிட்டாரு.”